தாத்தாவின் சீகோ 5: எது அசல், எது மாற்றியது?

வில்லியனூரான்:
வணக்கம். தாத்தா பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர். அவர் கட்டியிருந்த சீகோ 5 ஆட்டோமேட்டிக் வாட்ச் இப்போது என்னிடம். பின்மூடியில் 7009 என்று தொடங்கும் எண், கீழே 83ல் தொடங்கும் ஆறு இலக்கம். முள்ளில் உள்ள ரேடியம் (ஒளிரும் பூச்சைத்தான் அப்படிச் சொல்கிறேன்) இருட்டில் பச்சையாக எரிகிறது, டயல் புள்ளிகளோ பழுப்பேறிச் செத்துக் கிடக்கின்றன. ரிப்பேருக்குக் கொடுத்த கடையில் உள்ளே எல்லாவற்றையும் உருவிவிட்டார்கள் என்கிறார் சித்தப்பா. ஆனால் கிழமை லுன், மார் என்று பிரெஞ்சில் வருகிறதே, அப்படியானால் அசல்தானே?

மஞ்சக்குப்பத்தான்:
லுன், மார் போதாது தம்பி. ஸ்பானிஷ், இத்தாலி கிழமைத் தகட்டிலும் அதேதான். வியாழக்கிழமையைப் பாருங்கள்: ஜே, ஈ, யூ என்றால் பிரெஞ்சு. ஜே, யூ, ஈ என்றால் ஸ்பானிஷ். ஜி, ஐ, ஓ என்றால் இத்தாலி. கிழமையைத் திருப்புவதற்கு முன் முள்ளை ஆறு மணிக்குக் கொண்டு வாருங்கள், இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை நாலு வரை உள்ள நேரத்தில் வேகமாகத் திருப்பினால் பல்சக்கரம் போய்விடும். பிரெஞ்சாகவே இருந்தாலும் அந்தத் தகட்டை மாற்றுவது பெரிய வேலை இல்லை, அதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.

83 என்பதில் 8 வருஷத்தின் கடைசி இலக்கம், 3 மூன்றாவது மாதம். 1978 மார்ச் அல்லது 1988 மார்ச், எது என்று வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். அப்புறம் டயலின் அடிவிளிம்பில், ஆறு மணிக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும், லென்ஸ் வைத்துப் பாருங்கள். அதுவும் 7009ல், அதாவது மெஷினின் மாடல் எண்ணில், தொடங்க வேண்டும். எண்ணில் சிறு கோட்டுக்குப் பின்னால் வருவது பின்மூடியோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம், போக வேண்டிய அவசியமும் இல்லை, இதைப் பார்த்துப் பயந்தே பலர் நல்ல வாட்ச்சை டூப்ளிகேட் என்கிறார்கள். மெஷினிலும் 7009 என்று இருக்கும், டயலில் ஜுவல் கணக்கு (உள்ளே உராய்வைக் குறைக்கும் பொடிக் கற்களின் எண்ணிக்கை) அச்சிட்டிருந்தால் 17தான் வர வேண்டும்.

பாரதி பூங்கா:
எதற்கு இவ்வளவு? டயலுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்துவிட்டால் பளபளவென்று ஆகிவிடும்.

மஞ்சக்குப்பத்தான்:
ஐயா, தயவுசெய்து வேண்டாம். அடிவிளிம்பு எண் முதலில் அழிவதே அதில்தான்.

வில்லியனூரான்:
பார்த்துவிட்டேன் அண்ணே. வியாழன் ஜே, ஈ, யூ. டயலில் 7009, எழுத்து கூர்மையாக இருக்கிறது. ரிப்பேர்க்காரர் திறந்து காட்டினார், மெஷினிலும் அதே எண். 1983ல் நடந்த அத்தை கல்யாண போட்டோவில் தாத்தா கையில் இதே வாட்ச், அதனால் 1978தான்.

மஞ்சக்குப்பத்தான்:
அப்படியானால் சித்தப்பா சொல்வதில் முள் மாறியது மட்டும் உண்மை. அவ்வளவு பழைய ரேடியம் இன்றைக்கு இப்படி எரியாது, பின்னால் போட்டதுதான். மற்றவை ஒன்றோடொன்று பொருந்துகின்றன. உள்ளே ஏதோ ஒரு சக்கரம் மாறியிருக்கலாம், அதை யாராலும் சத்தியம் செய்ய முடியாது. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது எண்ணெய் மட்டும் போடச் சொல்லுங்கள், கேஸ் பாலிஷ் வேண்டாம். பழைய முள் ஜோடி கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் இதோடேயே கட்டுங்கள்.