மூஸ் வேட்டைக்கு செமி-ஆட்டோ மேக்னம்: .300 எடுக்கவா, .338 எடுக்கவா?

சதுப்புக்காடு:
எல்லாருக்கும் வணக்கம். பதினோரு வருடமாக ஒரே ஒரு .30-06 போல்ட் ரைஃபிளை (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றுவது) வைத்துத்தான் மூஸ் வேட்டைக்கு, அதாவது மான் குடும்பத்திலேயே பெரிய விலங்கின் வேட்டைக்குப் போகிறேன். இப்போது சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி-ஆட்டோவுக்கு மாறலாம் என்று யோசிக்கிறேன், அதுவும் மேக்னத்தில் (அதிக மருந்து பிடிக்கும் பலமான தோட்டா). காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நீங்கள் சொல்லும் பதில் எனக்குப் பொருந்தும்.

போன பருவத்தில் 90 மீட்டர் தூரத்தில் ஒரு காளை பக்கவாட்டில் நின்றது. சுட்டேன். அது தலையைக்கூடத் திருப்பவில்லை. தவறிவிட்டது என்று நினைத்துப் பதற்றத்தில் போல்டைப் பாதி வரை மட்டும் இழுத்துத் தள்ளிவிட்டேன், காலிக் கூடு வெளியே விழாமல் வாயிலேயே மாட்டிக்கொண்டது. அதை விரலால் நோண்டி எடுப்பதற்குள் காளை நாணல் புதருக்குள் போய்விட்டது. இரண்டு மணி நேரம் கழித்து, இடுப்பளவு தண்ணீரில் செத்துக் கிடந்ததைக் கண்டுபிடித்தோம். குண்டு நுரையீரலில்தான் பட்டிருந்தது. ஆறு பேர் கயிறு கட்டி நள்ளிரவு வரை இழுத்தோம். இறைச்சி வீணாகவில்லை, ஆனால் அது அங்கே எவ்வளவு நேரம் உயிரோடு கிடந்ததோ என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

இன்னொன்று, இரண்டு வருடத்துக்கு முன் வலது தோளில் அறுவை சிகிச்சை ஆயிற்று. போல்ட் ரைஃபிளில் மேக்னம் என்றால் தோள் தாங்காது, கேஸில் (தோட்டா வெடிக்கும்போது வரும் வாயுவில்) இயங்கும் செமி-ஆட்டோவில் உதை குறைவு என்கிறார்கள். பிரவுனிங் பிஏஆர் .300 வின்செஸ்டர் மேக்னம், பெனெல்லி ஆர்1 .338 வின்செஸ்டர் மேக்னம், இந்த இரண்டும் மனதில் இருக்கின்றன. எதை எடுக்கலாம்?

மூத்தகை:
தம்பி, நான் பிஏஆர் .300 வைத்துப் பதினான்கு பருவம் வேட்டையாடியிருக்கிறேன், அதனால் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பிஏஆர் 1967-லிருந்து சந்தையில் இருக்கிறது, மேக்னம் காலிபர்களிலும் (தோட்டா அளவுகளிலும்) கிடைக்கும் செமி-ஆட்டோக்கள் குறைவு, அதில் இது ஒன்று. போல்டின் தலை சுழன்று பல பற்களால் பேரலோடு பூட்டிக்கொள்ளும், அதனால் மேக்னத்தின் அழுத்தம் அதற்கு ஒரு பொருட்டில்லை. மேக்னத்தில் மேகசினுக்குள் (தோட்டாப் பெட்டி) 3, சேம்பரில் (சுடத் தயாராக இருக்கும் அறை) 1. அதே ரைஃபிள் .30-06 என்றால் மேகசினில் 4 பிடிக்கும்.

உதையைப் பற்றிக் கேட்டீர்கள். கேஸ் பிஸ்டன் உதையை இல்லாமல் செய்துவிடாது, கொஞ்சம் நேரத்துக்குப் பரப்பிவிடும், அவ்வளவுதான். போல்ட் ரைஃபிளில் சுத்தியலால் அடித்ததுபோல் இருப்பது இதில் யாரோ தோளைப் பிடித்துத் தள்ளியதுபோல் இருக்கும். என் .300 செமி-ஆட்டோ, என் பழைய .30-06 போல்ட் ரைஃபிள் அளவுக்குத்தான் உணர்கிறது. ரைஃபிளின் எடையும் இதில் உதவுகிறது, ஸ்கோப்போடு என்னுடையது நாலேகால் கிலோ. காலையிலிருந்து மாலை வரை சுமந்து நடப்பவருக்கு அது பாரம், ஓரிடத்தில் உட்கார்ந்து காத்திருப்பவருக்குப் பிரச்சினையே இல்லை. நீங்கள் எந்த ரகம்?

.338 பற்றி: நல்ல காலிபர், 225 கிரெய்ன் (சுமார் 14.6 கிராம்) குண்டு நொடிக்கு 2800 அடி வேகத்தில் போகும். ஆனால் ஒரே எடையுள்ள ரைஃபிளில் அதன் உதை .30-06-ஐப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அறுவை சிகிச்சை ஆன தோளுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். பழுப்புக் கரடி திரியும் காட்டில் மூஸ் தேடுபவர்கள் .338 தூக்குவதில் நியாயம் இருக்கிறது, அது வேறு கதை.

தடம்பிடி:
நான் காயம்பட்ட விலங்கைத் தேட நாய் வைத்திருப்பவன், கூப்பிட்டால் போவேன். அதனால் ரைஃபிளைவிட அது செய்த வேலையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். சதுப்புக்காடு, உங்கள் கதையில் ரைஃபிள் மேல் தவறே இல்லை. நுரையீரலில் அடிபட்ட மூஸ் அப்படித்தான் நிற்கும். மான் துள்ளும், காட்டுப்பன்றி சுருண்டு ஓடும், மூஸ் ஒன்றும் நடக்காததுபோல் நின்று யோசிக்கும், அப்புறம் பத்து அடி நடக்கும், அப்புறம் சாயும். .300 ஆனாலும் .338 ஆனாலும் அதேபோல்தான் நிற்கும். குண்டின் வேகம் அதைக் கீழே தள்ளும் என்று நினைத்து மேக்னம் வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

ஸ்வீடனிலும் பின்லாந்திலும் மூஸுக்குச் சட்டம் கேட்பது இவ்வளவுதான்: குண்டு 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 100 மீட்டரில் 2000 ஜூல், 9 முதல் 10 கிராம் வரை என்றால் 2700 ஜூல். உங்கள் .30-06-இல் 180 கிரெய்ன் குண்டு, அதாவது 11.7 கிராம், அந்தத் தூரத்தில் 3000 ஜூலைத் தாண்டியே இருக்கும். அந்தப் பக்கம் 6.5×55 வைத்துத் தலைமுறை தலைமுறையாக மூஸ் எடுக்கிறார்கள்.

நீங்கள் இழந்தது சக்தி இல்லை, இரண்டாவது குண்டு. அதற்கு செமி-ஆட்டோ சரியான மருந்துதான், மறுக்கவில்லை. முதல் குண்டு போன பிறகும் கண் ஸ்கோப்பிலேயே இருக்கும், கன்னம் கட்டையைவிட்டு எழாது, மூஸ் நின்றுகொண்டிருக்கிறது என்றால் உடனே இன்னொன்று. பட்டதா இல்லையா என்று யோசிக்கிற நேரத்தில் அடுத்ததைச் சுடுங்கள், அது விழும்வரை சுடுங்கள். தண்ணீரோரம் நிற்கும் மூஸ் என்றால் இது இன்னும் முக்கியம். ஆனால் அதற்கு .30-06 செமி-ஆட்டோவே போதும். மேக்னம் எதற்கு?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கைக்கு இரண்டாவது குண்டு எளிதாகக் கிடைப்பதால் முதல் குண்டை அலட்சியமாகச் சுடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு வரும் அழைப்புகளில் வயிற்றில் பட்டவைதான் அதிகம். பச்சையாக நாற்றமடிக்கும் கசிவைப் பார்த்தால் பல மணி நேரம் காத்திருந்துதான் நாயை விடவேண்டும், அந்த மணி நேரங்கள் விலங்குக்கு எப்படிப் போகும் என்று யோசியுங்கள்.

உறைபனி:
மேலே இரண்டு பேரும் சொல்லாத ஒன்று, குளிர். நான் முன்பு வைத்திருந்த செமி-ஆட்டோ (கம்பெனி பெயர் வேண்டாம், தவறு என்னுடையது) மைனஸ் 22 டிகிரியில் முதல் குண்டுக்குப் பிறகு போல்டை முன்னால் கொண்டுவரவே இல்லை. இழுத்துப் பார்த்தால் தேன் மாதிரி நகர்கிறது. கோடையில் வழக்கம்போல் தாராளமாக விட்ட எண்ணெய் உள்ளே கெட்டியாகிவிட்டிருந்தது. போல்ட் ரைஃபிள் என்றால் கைபலத்தில் தள்ளிவிடலாம், செமி-ஆட்டோவில் அந்த வேலையை ஸ்பிரிங்தான் செய்யவேண்டும், அதற்குக் கையளவு பலம் கிடையாது.

இப்போது பருவம் தொடங்கும் முன் எல்லா எண்ணெயையும் கழுவித் துடைத்துவிட்டு, குளிருக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயை விரல் நுனியில் தொட்டுத் தடவுகிறேன். பிஸ்டன் இருக்கும் இடத்தில் ஒரு சொட்டுகூடக் கிடையாது. அப்புறம், வேட்டை முடிந்து வந்தால் ரைஃபிளைக் காலி செய்து, பூட்டிய குளிர்ந்த இடத்திலேயே வையுங்கள். சூடான அறைக்குள் கொண்டுவந்தால் ஐந்து நிமிடத்தில் இரும்பு முழுக்க வியர்த்துவிடும், மறுநாள் காலை வெளியே எடுத்தால் அந்த ஈரம் உள்ளே பனிக்கட்டியாகும். உள்ளே கொண்டுவந்துவிட்டால் முழுக்கப் பிரித்துக் காயவிடுங்கள், பாதி வேலை செய்வதில் பலனில்லை.

இன்னொரு விஷயம் சத்தம். செமி-ஆட்டோவில் போல்டை மெதுவாகக் கையால் முன்னால் விட்டால் சரியாகப் பூட்டாமல் போகலாம், அப்போது விசையை அழுத்தினால் வெறும் கிளிக். அதைத் தானாக ஓங்கி மூடவிட வேண்டும், அந்தச் சத்தம் அமைதியான காட்டில் வெகுதூரம் கேட்கும். காத்திருக்கும் இடத்துக்குப் போனவுடனே, மூஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே, ஏற்றிவிட்டு சேஃப்டி போட்டு உட்காருங்கள்.

சதுப்புக்காடு:
எல்லாருக்கும் நன்றி, குறிப்பாக தடம்பிடி அண்ணனுக்கு. அந்தக் காளை நின்றதை நான் தவறிவிட்டது என்று எடுத்துக்கொண்டேனே, அதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் போல்டில் அவசரப்பட்டிருக்கமாட்டேன். மூத்தகை அண்ணா, நான் பெரும்பாலும் உட்கார்ந்து காத்திருப்பவன், நான்கு கிலோ பரவாயில்லை. ஆனால் அடுத்த வருடம் ஒரு நண்பர் திறந்தவெளி மலைப்பக்கம் கூப்பிடுகிறார், அங்கே 250 மீட்டர் வரை சுடவேண்டி வரலாம். அதற்காகத்தான் .300 மேல் கண். குண்டு எது?

மூத்தகை:
அப்படியென்றால் .300-க்கு அர்த்தம் இருக்கிறது. 180 கிரெய்ன் குண்டு நொடிக்கு 2960 அடி, .30-06-இல் அதே குண்டு 2700 அடி. 250 மீட்டரில் அந்த வித்தியாசம் தெரியும், 90 மீட்டரில் தெரியாது. ஆனால் மேக்னம் வேகத்தில் கிட்டத்தில் சுடும்போது சாதாரண மென்முனைக் குண்டு தோள் எலும்பில் பட்டு உடைந்து சிதறும், இறைச்சியும் பாழ். அதனால் உறை பிரியாமல் ஒட்டிய குண்டு, நடுவே தடுப்பு உள்ள குண்டு அல்லது முழுச் செம்புக் குண்டு மட்டும் வாங்குங்கள். நோஸ்லர் பார்டிஷன், ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம், பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ், நார்மா ஓரிக்ஸ், இவற்றில் எது உங்கள் ரைஃபிளில் ஒன்றுக்கொன்று நெருக்கமாக விழுகிறதோ அது. இரண்டு மூன்று வகையை ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். வீட்டில் தோட்டா நிரப்புகிறவராக இருந்தால் கூட்டை முழுமையாக அளவுக்குக் கொண்டுவாருங்கள், போல்ட் ரைஃபிளில் கழுத்தை மட்டும் சரிசெய்த கூடு செமி-ஆட்டோவில் திக்கும்.

உதையைக் குறைக்கிறேன் என்று குழல் வாயில் பிரேக் (வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் துண்டு) மாட்டாதீர்கள். மேக்னத்தில் அது பக்கத்தில் நிற்பவர் காதையும் நாயின் காதையும் கெடுத்துவிடும்.

தடம்பிடி:
250 மீட்டர் என்றால் என் எதிர்ப்பைக் குறைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தூரத்தில் முட்டி போட்டு, உட்கார்ந்து, படுத்து என்று எல்லா நிலையிலும் சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள் ஐந்துக்கு ஐந்து விழுந்தால் மட்டும் சுடுங்கள். விழவில்லையென்றால் நெருங்கிப் போங்கள், மூஸுக்குக் கண் அவ்வளவு கூர்மையில்லை, காற்று மட்டும் உங்கள் முகத்தில் அடிக்கவேண்டும்.

வாங்கும் முன் சட்டத்தையும் பாருங்கள். ஜெர்மனியில் செமி-ஆட்டோவில் வேட்டையாடும்போது ரைஃபிளில் மொத்தம் 3 தோட்டாவுக்கு மேல் கூடாது. கனடாவில் சென்டர்ஃபயர் (நாம் பேசும் இந்தத் தோட்டாக்களின் வகை) செமி-ஆட்டோ ரைஃபிளுக்கு மேகசினில் 5, அதோடு 2020 மே மாதத்திலிருந்து நிறைய மாதிரிகளைத் தடை செய்திருக்கிறார்கள். நீங்கள் வேட்டையாடப் போகும் இடத்தின் விதியைக் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.

உறைபனி:
ஒரு விஷயம், புதிதாக செமி-ஆட்டோவுக்கு வருகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். போல்ட் ரைஃபிளில் நீங்கள் கையால் ஏற்றினால்தான் அடுத்த தோட்டா. இதில் சுட்ட மறுகணமே அடுத்தது சேம்பரில் தயாராக இருக்கும். மூஸ் விழுந்ததும் எழுந்து ஓடத் தோன்றும், அந்த உற்சாகத்தில் சேஃப்டியை மறக்கிறார்கள். விழுந்ததைப் பார்த்தால் முதலில் கட்டைவிரலோ சுட்டுவிரலோ சேஃப்டிக்குப் போகட்டும், அப்புறம் கால் நகரட்டும்.

சதுப்புக்காடு:
குறித்துக்கொண்டேன். சனிக்கிழமை தெரிந்தவர் ஒருவரின் .300 பிஏஆரை மைதானத்தில் சுட அனுமதி வாங்கியிருக்கிறேன், கூடவே அவருடைய .30-06 பிஏஆரும் இருக்கிறதாம். இரண்டிலும் இருபது இருபது தோட்டா, உட்கார்ந்தும் நின்றும். மறுநாள் காலை தோள் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன். .338 கைவிட்டாயிற்று.