பெங்களூர் பைப் கம்பெனி பெல்ஜியம் கைக்குப் போனதில் நமக்கு நஷ்டமா?

குடியாத்தம் கடைக்காரர்:
நேற்று கடைக்கு வந்த ஒரு பெரியவர் ஆஷிர்வாத் பைப்பைக் கையில் எடுத்து, "இது நம்ம பெங்களூர் கம்பெனிதானே?" என்றார். 2013லேயே பெல்ஜியத்தின் அலியாக்சிஸ் என்ற பைப் கம்பெனி 60 சதவீதப் பங்கை வாங்கிவிட்டது, அப்புறம் இன்னும் கூட்டிக்கொண்டது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. எனக்கும் அந்த வருத்தம் உண்டு. 1975ல் ஒரு குடும்பம் ஆரம்பித்து, போர்வெல்லுக்குள் மோட்டாரைத் தொங்கவிட்டு இறக்கும் காலம் (column) பைப்பில் பேர் எடுத்த தொழில். நன்றாக வளர்ந்த பிறகு ஏன் கைமாற வேண்டும்?

கே.வி.குப்பம் மெக்கானிக்:
அண்ணே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் போர்வெல் பக்கத்தில் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும். நம் பக்கம் 800, 900 அடி ஆழம் சர்வசாதாரணம். நான் தொழில் பழகும்போது எல்லாம் ஜி.ஐ. என்கிற இரும்பு பைப். முக்காலி நட்டு, செயின் பிளாக் மாட்டி, ஆறேழு பேர் சேர்ந்து இழுப்போம். மூட்டில் துருப் பிடித்த திருகு மரை ரெஞ்சுக்கு அசையாது. இப்போது 10 அடி காலம் பைப். 900 அடிக்கு 90 பைப், அத்தனை மூட்டு. ஒவ்வொன்றிலும் ரப்பர் ரிங் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் அடுத்ததை இறக்குவேன். ஒரே ஒரு மரை நழுவினால் மோட்டார், கேபிள், பைப் மொத்தமும் அடியில்.

போன வருடம் அப்படித்தான் ஆனது. விலை குறைவு என்று வாங்கிய உள்ளூர் பைப். கம்மலை அடகு வைத்து மோட்டார் வாங்கிய அம்மா போர் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து முதலாளி யார் என்று நான் கேட்பதில்லை. மரை பிடிக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறேன்.

ராணிப்பேட்டை பைப் மில்:
தம்பி, அந்த அம்மாவுக்கு நடந்தது கொடுமை. ஆனால் உள்ளூர் பைப் என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். நானும் பைப் செய்யும் மெஷின் இரண்டு லைன் ஓட்டுகிறேன். விவசாயத்துக்கான பைப் மட்டும்தான், காலம் பைப் போடுவதில்லை.

எங்கள் நிலைமையைக் கேளுங்கள். பைப் செய்யும் மூலப்பொருள் பி.வி.சி. ரெசின். நாட்டுக்கு வேண்டியதில் பாதிக்கு மேல் இறக்குமதி. நான் ரொக்கம் கட்டி ரெசின் எடுக்கிறேன், கடைக்கு 60 நாள் கடனில் பைப் கொடுக்கிறேன். நடுவில் ரெசின் விலை இறங்கினால் குடோனில் இருக்கும் சரக்கு முழுக்க நஷ்டம். ஃபினோலெக்ஸ் மாதிரி பெரிய பைப் கம்பெனி ரத்னகிரியில் ரெசினையே சொந்தமாகச் செய்துகொள்கிறது. வெளிநாட்டுப் பணம் வந்த கம்பெனியும் தாங்கும். நான் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்திருக்கிறேன். இந்த நெருக்கடியில்தான் சிலர் கால்சியம் பவுடரைக் கூட்டிப் போடுகிறார்கள். அந்தப் பைப் கொஞ்ச நாள் வெயிலில் கிடந்தாலே ஓடு மாதிரி உடையும். செய்வது தப்புதான், நான் செய்யவில்லை. ஆனால் சந்தை முழுக்கப் பெரிய கைகளுக்குப் போனால், நாளை விலையை யார் வைப்பார்கள்?

சத்துவாச்சாரி ஆடிட்டர்:
குடும்பத்தின் கையில் இருந்தாலே பத்திரம் என்று நினைக்க வேண்டாம். ஐயா சொன்ன ஃபினோலெக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழுமத்தின் கேபிள் கம்பெனித் தலைவர் பதவி பற்றிய குடும்ப வழக்கு 2023ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் கேபிள் கம்பெனியிடம்தான் பைப் கம்பெனியின் பங்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகம் இருக்கிறது.

முழுசாக விற்காமலும் வளரலாம். ஆஸ்ட்ரல் என்ற பைப் கம்பெனி 1996ல் குஜராத்தில் தொடங்கி, 2007ல் பங்குச் சந்தைக்கு வந்தது. பொதுமக்கள் பணத்தில் வளர்ந்தது, பெரும்பங்கு இன்னும் நிறுவனர் குடும்பத்திடம்தான்.

ராணிப்பேட்டை பைப் மில்:
பங்குச் சந்தையெல்லாம் எங்கள் அளவுக்கு எட்டாது சார். எனக்கு வேண்டியது ரெசின் வாங்க நியாயமான வட்டியில் கடன், கடைக்காரர்கள் 30 நாளில் பணம். அவ்வளவுதான்.

குடியாத்தம் கடைக்காரர்:
30 நாள் என்பது எனக்கும் கஷ்டம்தான். விவசாயி அறுவடைக்கு அப்புறம்தானே தருகிறார். ஆனால் பெரிய கம்பெனிக்கு முன்பணம் கட்டிவிட்டு உங்களிடம் மட்டும் கடன் சொல்கிறோம், அது உண்மை. அடுத்த லோடுக்குப் பாதித் தொகை முன்னாலேயே தருகிறேன்.

கே.வி.குப்பம் மெக்கானிக்:
ஐயா, காலம் பைப்பில் என் முடிவு மாறாது. 900 அடியில் சோதனை செய்து பார்க்க முடியாது. ஆனால் பள்ளிகொண்டா பக்கம் ஒரு நிலத்துக்கு இரண்டரை இன்ச், 6 கிலோ அழுத்தம் தாங்கும் பைப் 30 லென்த் வேண்டும். பி.வி.சி. பைப்புக்கான தர முத்திரை ஐ.எஸ். 4985 உண்டா? கல்லில் அடித்துப் பார்த்துத்தான் எடுப்பேன்.

ராணிப்பேட்டை பைப் மில்:
முத்திரை உண்டு தம்பி. மில்லுக்கே வாருங்கள். சித்திரையிலிருந்து வெயிலில் கிடக்கும் பைப்பையே எடுத்துத் தருகிறேன், அதை அடித்துப் பாருங்கள்.