அப்பாயியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

சித்திரை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் சிலர், பணியக்கணக்கு (தோட்டத்தின் கீழ்ப் பிரிவு) அப்பாயி இன்னும் இருக்கிறாரா, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறார். அண்மையில் இலங்கை மலையகத்தில் உள்ள நம் பொகவந்தலாவைக்குப் போயிருந்தபோது அவருடன் ஒரு முற்பகல் முழுவதும் பேசிக்கொண்டிருந்தேன். பார்வை மங்கியிருக்கிறது, இடது காது கேட்பதில்லை, ஆனால் நினைவு சற்றும் கலங்கவில்லை. 1948இல், மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் வந்த நேரத்தில் தாம் இரண்டாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். அந்தக் கணக்குப்படி அவர் நூறை நெருங்குகிறார்.

பகலெல்லாம் மலையில் கொழுந்து பறித்துவிட்டு, இரவில் யார் வந்து கதவைத் தட்டினாலும் லாந்தரை எடுத்துக்கொண்டு மேக்கணக்கு (மேற்பிரிவு) வரை மழையில் நடந்துபோய்ப் பிரசவம் பார்த்தவர் அவர். இக்குழுவில் ஐம்பதைத் தாண்டிய பலருக்குத் தொப்புள்கொடி அறுத்த கை அது.

பனி விலகிய பிறகு, பத்து மணியளவில் போங்கள். அப்போதுதான் அவரை இஸ்தோப்புக்கு (முன் விறாந்தைக்கு) அழைத்துவந்து உட்கார வைப்பார்கள். வலது பக்கமாக உட்காருங்கள். “யாரு வீட்டுப் புள்ள நீ?” என்றுதான் முதலில் கேட்பார். நீங்கள் எந்த நாட்டில் என்ன உத்தியோகம் பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்வதைவிட, உங்கள் பாட்டன் பெயரையும் எந்த லயம் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) என்பதையும் சொல்லுங்கள். அதன் பிறகு நீங்கள் கேட்க மட்டும் செய்தால் போதும். கையில் பணத்தை வைத்து, படம் எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடுகிறவர்களைப் பற்றி அவர் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் பொறுக்கவில்லை.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றிருந்த மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது நாம் படித்து அறிந்த செய்தி. அப்பாயிக்கோ அது லயத்தில் ஒவ்வொரு காம்பராவாக (அறையாக)ப் பூட்டப்பட்ட வரலாறு. அவருடைய தங்கை குடும்பம் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்கு, கூடலூர்ப் பக்கம் போய்விட்டது. பின்னாலேயே போவதற்கு இவருக்கும் பாஸ்போட் வந்திருந்தது. ஆனால் 1984இல் கப்பல் நின்றுபோனதால் இங்கேயே தங்கி, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகுதான் இலங்கைப் பிரசையானார். அந்தப் பாஸ்போட் இன்னும் அவருடைய டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

போனவர்களின் குடும்பங்களை லயம் லயமாக, யார் முன்னே யார் பின்னே என்ற வரிசை தவறாமல் அவர் சொல்கிறார். இந்தக் கணக்கு வேறு யாரிடமும் இல்லை. ஆகவே கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் உறவுகள், உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயரையும், இருந்த லயத்தையும், இப்போதைய நிலையையும் தயவுசெய்து இக்குழுவுக்கு எழுதுங்கள். அவருடைய பேத்தி அவற்றை உரக்க வாசித்துக் காட்டுவதாகவும், அவர் சொல்வதை எழுதி அனுப்புவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறாள். இறந்துபோனவர்களின் செய்தியையும் மறைக்காமல் எழுதச் சொல்லி அப்பாயியே கேட்டுக்கொண்டார்.