கரண்ட் போனால் கோப்பு 0 பைட்; எஃப்சிங்க் போட்டால் வேகம் இல்லை – உதவி வேண்டும்

கேள்வி:
வணக்கம். சென்சார் அளவுகளைச் சேமிக்கும் நிரல் ஒன்று எழுதியிருக்கிறேன். லினக்ஸ், எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க். நொடிக்கு 200 பதிவுகள் வந்து லாக் கோப்பின் கடைசியில் சேரும். தவிர ஒரு சின்ன செட்டிங்ஸ் கோப்பு உண்டு. அதை நிரல் தொடங்கும்போதே திறந்து, மூடாமல் வைத்திருக்கிறேன். மாற்றம் வந்தால் நீளத்தை 0 ஆக்கி, முழுவதையும் மறுபடி எழுதுவேன்.

போன வாரம் கரண்ட் போய் வந்ததும் பார்த்தால் செட்டிங்ஸ் 0 பைட். எழுதி ஏழெட்டு நொடி ஆகியிருந்தது! பயந்துபோய் ஒவ்வொரு பதிவுக்கும் எஃப்சிங்க் (தரவு டிஸ்க்கில் ஏறும்வரை காத்திருக்கும் அழைப்பு) போட்டேன். இப்போது நொடிக்கு 50-ஐத் தாண்டவில்லை. எங்கே தப்பு?

பதில் 1:
பேரியர்=0 என்று மவுண்ட் செய்யுங்கள், வேகம் வந்துவிடும்.

பதில் 2:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டிஸ்க்குக்குள்ளேயே ஒரு கேஷ், அதாவது தற்காலிக நினைவகம், இருக்கிறது. அதைக் காலி செய்யச் சொல்லும் கட்டளையைத்தான் பேரியர்=0 நிறுத்துகிறது. பிறகு ஜர்னலின் (கோப்பு முறைமை தன் மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு) வரிசையே குலைந்துபோகலாம். அப்போது போவது ஒரு கோப்பு மட்டும் அல்ல, கோப்பு முறைமையே சிதையலாம்.

செட்டிங்ஸ் விஷயத்துக்கு வருவோம். எக்ஸ்ட்4 தரவுக்கு உடனே இடம் ஒதுக்காது. கொஞ்சம் பொறுத்தால் அடுத்தடுத்த பிளாக்குகளாக ஒதுக்கலாம் என்று காத்திருக்கும். வேகத்துக்கான ஏற்பாடு அது. நீளம் 0 ஆன செய்தி ஜர்னலில் 5 நொடிக்குள் ஏறிவிடும். புதிய தரவோ 30 நொடி வரைகூட நினைவகத்திலேயே கிடக்கலாம். உங்களுக்குக் கரண்ட் போனது இந்த இடைவெளியில்தான். 2009-ல் பலரும் இதே புகாரைச் சொன்ன பிறகு, இப்படிச் சுருக்கி எழுதிய கோப்பை மூடும்போதே தரவை டிஸ்க்குக்குத் தள்ளும் ஏற்பாடு வந்தது. நீங்கள் மூடுவதே இல்லை, அதனால் அது உதவவில்லை.

சரியான வழி: தற்காலிகக் கோப்பில் எழுதுங்கள், எஃப்சிங்க் செய்யுங்கள், பழைய பெயருக்கு ரீநேம் செய்யுங்கள், அப்புறம் அந்த டைரக்டரியையும் எஃப்சிங்க் செய்யுங்கள். எப்போது கரண்ட் போனாலும் பழையதோ புதியதோ ஒன்று முழுதாக இருக்கும்.

லாக் வேறு கதை. 7200 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 120 சுற்று. ஒவ்வொரு எஃப்சிங்குக்கும் தரவு, ஜர்னல், கேஷ் காலியாக்கல் எல்லாம் நடக்க வேண்டும். 50 வருவதே நியாயமான கணக்கு. எத்தனை பதிவு போனால் தாங்குவீர்கள்?

கேள்வி கேட்டவர்:
அரை நொடி அளவு போனால் பரவாயில்லை.

பதில் 2:
அப்படியானால் 200 மில்லிநொடிக்கு ஒரு முறை, சேர்ந்த பதிவுகள் அனைத்துக்கும் ஒரே எஃப்சிங்க். நொடிக்கு ஐந்துதான். அதைத் தனி திரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) ஓட்டுங்கள். பதிவு கிடைத்தது என்று அனுப்பியவருக்குச் சொல்வதாக இருந்தால் எஃப்சிங்க் முடிந்த பிறகே சொல்லுங்கள். இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மாற்றிவிட்டேன், 200-ம் தேங்காமல் போகிறது. மிக்க நன்றி! ஐந்து முறை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், செட்டிங்ஸ் முழுதாக இருக்கிறது. ஆனால் ஒரு தடவை லாக்கின் கடைசிப் பதிவு பாதியில் நின்றது.

பதில் 3:
அது நடக்கத்தான் செய்யும். ஒவ்வொரு பதிவோடும் அதன் நீளத்தையும் சிஆர்சி32-ஐயும் (தரவு சிதைந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) எழுதுங்கள். நிரல் தொடங்கும்போது முதலில் பொருந்தாத இடத்தில் லாக்கை வெட்டிவிடுங்கள்.

இன்னொன்று: எஃப்சிங்க் பிழை தந்தால் மறுபடி கூப்பிட்டுப் பார்க்காதீர்கள். எழுத முடியாத நினைவகப் பக்கங்களைக் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சுத்தமானவை, அதாவது எழுதி முடிந்தவை, என்று குறித்துவிட்டிருக்கலாம், இரண்டாம் தடவை பொய்யாக வெற்றி வரும். 2018-ல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழுவையே இது உலுக்கியது. பிழை வந்தால் நிரலை நிறுத்தி, கடைசியாக உறுதியான இடத்திலிருந்து தொடங்குங்கள்.