கலைச்சொல்: ஐசோமார்ஃபிக் மிமிக்ரி

> அரசு நிர்வாகச் சீர்திருத்தம் பற்றிய கட்டுரையில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. 'ஒத்துருவப் பாவனை' என்று போடலாமா?

வணக்கம்.

'பாவனை' இங்கே ஒத்துவராது என்று நினைக்கிறேன். இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு. பாவனையாளர் என்றால் நுகர்வோர். தமிழ்நாட்டிலோ யாரோ வேண்டுமென்றே நடிக்கிறார்கள் என்று தொனிக்கும். நாம் பேசுவது, ஓர் அமைப்பு நன்றாக இயங்கும் அமைப்பின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் செயலை எடுத்துக்கொள்ளாமல் இருப்பதைப் பற்றி. அதில் பெரும்பாலும் யாரும் நடிப்பதில்லை.

உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் பல நேரங்களில் கடன் தவணையை விடுவிக்கும் முன் சில வேலைகளை முடித்துக்காட்டச் சொல்கின்றன: கொள்முதல் சட்டம், ஊழல் தடுப்பு ஆணையம், புதிய கணக்குமுறை. சட்டம் நிறைவேறியதா என்று வாஷிங்டனில் இருந்தபடியே சரிபார்த்துவிடலாம். அந்த ஆணையம் ஓர் அமைச்சர்மீது வழக்குப் போடத் துணியுமா என்பதை அப்படிப் பார்க்க முடியாது. அதனால் கண்ணுக்குத் தெரிவது மட்டுமே சீர்திருத்தக் கணக்கில் ஏறுகிறது. உகாண்டாவின் ஊழல் தடுப்புச் சட்டங்களுக்கு, நாடுகளின் ஊழல் தடுப்பு ஏற்பாடுகளை மதிப்பிடும் 'குளோபல் இன்டெக்ரிட்டி' அமைப்பு ஒருமுறை 100-க்கு 99 கொடுத்தது. நடைமுறைக்குக் கிடைத்த மதிப்பெண் அதைவிட மிகக் குறைவு. வளர்ச்சித் துறை ஆய்வாளர்களான பிரிட்செட், உல்காக், ஆண்ட்ரூஸ் மூவரும் இந்தச் சொல்லால் குறிப்பது இந்த இடைவெளியைத்தான். அதிலுள்ள 'மிமிக்ரி', விஷமில்லாத பாம்பு விஷப்பாம்பின் வரிகளோடு தப்பிப் பிழைப்பதைச் சொல்லும் உயிரியல் சொல்.

என் பரிந்துரை: புறப்போலி.

முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி நமக்குப் பழக்கமானவை. அறம் 'அறன்' ஆகும்போது எழுத்து மாறுகிறது, பொருள் மாறுவதில்லை. இங்கே நேர்மாறு: வடிவம் அப்படியே வந்துவிடுகிறது, செயல் வருவதில்லை. 'புற' என்ற முன்னொட்டு அதைச் சொல்லிவிடுகிறது. போலி மருந்து, போலி மருத்துவர் போல மோசடி வாடை வீசாதா என்று கேட்கலாம். கொஞ்சம் வீசட்டும். பாவனைக்கு ஓர் ஆள் வேண்டும். போலி என்பது அந்த அமைப்பின்மேலேயே நிற்கும். நேர்மையான அதிகாரி உழைத்து உருவாக்கிய ஆணையமும், வழக்கே எடுக்காவிட்டால், புகார் கொடுக்கப் போகும் குடிமகனுக்குப் போலிதான். 'புறப்போலிச் சீர்திருத்தம்' என்று பெயரடையாகவும் இழுக்காமல் வருகிறது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வெறும் ஐசோமார்ஃபிசத்துக்கு இதைப் போடக் கூடாது. 1983-இல் சமூகவியலாளர்கள் டிமாஜியோவும் பவலும் நிறுவனங்கள் ஏன் ஒன்றுபோல் ஆகின்றன என்பதற்கு மூன்று வழிகள் சொன்னார்கள்: வெளி நெருக்குதல், குழப்பமான நேரத்தில் அடுத்தவரைப் பார்த்துச் செய்தல், ஒரே தொழிற்பயிற்சி. உதாரணமாக, ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) தன் உறுப்பு நாடுகளுக்குக் கடன் கொடுத்து நெருக்குவதில்லை. 2000-இலிருந்து, பல நாட்டு மாணவர்களின் திறனை அளக்கும் பீசா தேர்வின் ஒப்பீட்டைக் காட்டியே பல நாடுகளின் கல்விக் கொள்கையை அசைத்திருக்கிறது. அந்த மாற்றங்களில் சில உண்மையிலேயே வேலை செய்யலாம். அதற்கு 'ஒத்துருவாதல்' போதும்.

அப்புறம், கடனுக்கு முன் முடிக்க வேண்டிய 'பிரையர் ஆக்‌ஷன்' உங்கள் கட்டுரையில் கட்டாயம் வரும். 'முன்நிபந்தனை' பொதுப்படையாக இருக்கிறது. 'முன்செயல்' என்று வைத்துக்கொள்ளலாமா?