ஹோண்டா 400இஎக்ஸ்: எந்த சிடிஐ போடலாம்?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. வண்டி 2003 மாடல் ஹோண்டா டிஆர்எக்ஸ்400இஎக்ஸ், நான்கு சக்கர ஏடிவி. இன்ஜின் ஸ்டாக்தான், சைலன்சரை மாற்றி, அதற்கேற்ப ஜெட்டும் மாற்றியிருக்கிறது. அரை மணி நேரம் ஓடி நன்றாகச் சூடானதும் மிஸ்ஃபயர் ஆகிறது, பிறகு நின்றுவிடுகிறது. ஆறினால் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. சிடிஐ (பிளக்கில் பொறி எப்போது வர வேண்டும் என்று கட்டுப்படுத்தும் இக்னிஷன் பெட்டி) போய்விட்டது என்று மாற்றப் பார்க்கிறேன். ஒரிஜினல் போலவே ஒன்று, ரெவ் லிமிட்டரை (இன்ஜின் சுற்று ஓரளவுக்கு மேல் ஏறாமல் தடுப்பதை) ஏற்றிய ஒன்று, டைமிங் கர்வை (எந்த ஆர்பிஎம்மில் பொறி எவ்வளவு முன்னே வர வேண்டும் என்ற கணக்கை) நாமே போட்டுக்கொள்ளும் புரோகிராமபிள் ஒன்று. இந்த மூன்றில் எதை எடுப்பது? லிமிட்டர் ஏறினால் வேகமும் கூடுமா?

பதில் 1:
வாங்குவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். சூட்டில் நின்று ஆறியதும் ஓடுகிற வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது பிக்கப் காயிலைத்தான் (ஃப்ளைவீல் சுற்றுவதை உணர்ந்து, பொறி விட வேண்டிய நேரத்தை சிடிஐக்குச் சொல்லும் சிறு காயில்). உள்ளே மயிரிழை அளவு கம்பி அறுந்திருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு விடும். ஆறினால் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

வண்டி நின்ற உடனே, சூடு தணியும் முன் பாருங்கள். நல்ல பிளக் ஒன்றை கேப்பில் மாட்டி, அதன் உலோகப் பகுதியை ஹெட்டோடு அழுத்தி வைத்து செல்ஃப் அடியுங்கள். பழைய பிளக்கைக் கழற்ற வேண்டாம். திறந்த துளை வழியாக வரும் பெட்ரோல் ஆவி பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். எர்த் இல்லாமல் கேப்பைத் தொங்கவிட்டும் அடிக்காதீர்கள். வெளியே போக வழியில்லாத மின்சாரம் இக்னிஷன் காயிலையும் சிடிஐயையும் உள்ளுக்குள்ளேயே பதம் பார்த்துவிடும்.

ஸ்பார்க் வந்தால் சிடிஐயை மறந்துவிட்டு டேங்க் மூடியின் காற்றுத்துளையையும் வால்வு கிளியரன்ஸையும் பாருங்கள். வராவிட்டால் பிக்கப் காயிலின் ஓம்ஸை சூட்டில் ஒருமுறை, ஆறியபின் ஒருமுறை எடுத்து, சர்வீஸ் மேனுவல் அளவோடு ஒப்பிடுங்கள்.

மல்ட்டிமீட்டர், காயிலின் கம்பி முழுதாக இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். மீட்டரோடு மாட்டும் பீக் வோல்ட்டேஜ் அடாப்டர் கிடைத்தால் விஷயம் தெளிவாகிவிடும். ஹோண்டா மேனுவல்களில் வழக்கமாக பிக்கப்புக்குக் குறைந்தது 0.7 வோல்ட், இக்னிஷன் காயில் பிரைமரிக்குக் (சிடிஐயிலிருந்து மின்சாரம் வரும் பக்கத்துக்குக்) குறைந்தது 100 வோல்ட் என்று இருக்கும். பிக்கப் சரி, சப்ளை சரி, எர்த் சரி, கில் சுவிட்ச் சரி, அப்படியும் பிரைமரியில் ஒன்றும் வரவில்லை என்றால்தான் சிடிஐ மீது கை வைக்க வேண்டும்.

பதில் 2:
மேலே சொன்னது அத்தனையும் சரி. சிடிஐதான் என்று உறுதியானால், வண்டியின் வருடத்தைப் பார்த்து வாங்குங்கள். 400இஎக்ஸுக்கு 2005-இல் ரிவர்ஸ் கியர் வந்தது. அதனால் 1999–2004-க்கு ஒன்று, 2005-க்குப் பிறகு வேறொன்று என்று தனித்தனியாக விற்கிறார்கள்.

பொதுவான சிடிஐ வாங்குபவர்கள் சறுக்குவது ஏசி, டிசி விஷயத்தில். ஏசி வகை, ஸ்டேட்டரில் (ஃப்ளைவீலோடு சேர்ந்து மின்சாரம் உற்பத்தி செய்யும் காயில் தொகுதியில்) உள்ள எக்ஸைட்டர் காயிலிலிருந்து நேராகச் சார்ஜ் எடுக்கும். டிசி வகை பேட்டரியின் 12 வோல்ட்டை எடுத்து உள்ளேயே உயர்த்திக்கொள்ளும். சாக்கெட் ஒன்றுபோலவே இருக்கும், கச்சிதமாக உட்காரும். பின் வரிசை வேறாக இருந்தால் சாவி திருப்பியதும் புதுசு புகைந்துவிடும். ஒயரிங் வரைபடத்தை வைத்து ஒவ்வொரு பின்னையும் ஒயர் நிறத்தோடு ஒத்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

லிமிட்டர் ஏறினால் வேகம் கூடுமா? உங்கள் இன்ஜினில் கூடாது. ஸ்டாக் கேமில் (வால்வைத் திறக்கும் தண்டில்) பவர் உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பித்த பிறகுதான் லிமிட்டரே வருகிறது. அதைத் தாண்டி ஓட்டினால் சத்தம்தான் ஏறும். இதன் ஸ்ட்ரோக் 70 மி.மீ. 9,000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 21 மீட்டர், 10,000-இல் 23.3 மீட்டர். ஸ்டாக் ஸ்பிரிங்கால் வால்வை அந்த வேகத்தில் கேமோடு ஒட்டி வைத்திருக்க முடியாமல் போகலாம். வால்வு மிதந்து பிஸ்டனில் இடித்தால் ஹெட்டோடு போய்விடும். கேமும் ஸ்பிரிங்கும் மாற்றியவருக்குத்தான் அந்த லிமிட்டர்.

பதில் 3:
புரோகிராமபிள் பற்றி நான் சொல்கிறேன். நல்ல சிடிஐயில் நாம் காசு கொடுப்பது கர்வுக்கு. 8,000 ஆர்பிஎம்மில் ஒரு டிகிரி என்பது சுமார் 21 மைக்ரோ விநாடி. நடு ரேஞ்சில் இரண்டு மூன்று டிகிரி முன்னே தள்ளினால் த்ராட்டில் கொடுக்கும்போது வித்தியாசம் கைக்குத் தெரியும். ஆனால் இது ஏர்கூல்டு இன்ஜின். ஹெட் சூடேறினால் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து இன்ஜின் தட்டுவது) சீக்கிரம் வரும்; பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகள் தெரிந்தால் உடனே டைமிங்கைக் குறைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே யாராவது ஆஃப்செட் கீ (ஃப்ளைவீலைச் சற்றுத் திருப்பி உட்கார வைக்கும் சிறு துண்டு) போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது ஐடிலிலிருந்தே மொத்தக் கர்வையும் முன்னே தள்ளும். அதன் மேல் புது சிடிஐயின் அட்வான்ஸும் சேர்ந்தால் ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜின் பின்னோக்கி உதைத்து (கிக்பேக்) ஸ்டார்ட்டர் கிளட்ச் போய்விடும். எந்த சிடிஐ மாட்டினாலும் டைமிங் லைட் பிடித்து, ஐடிலில் ஃப்ளைவீலின் எஃப் குறி (பொறி வர வேண்டிய இடத்தைக் காட்டுவது) நேராக நிற்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

பெட்டியை ரப்பர் உறையோடு மாட்டுங்கள். கேபிள் டையால் ஃபிரேமோடு இறுக்கினால் அதிர்வில் உள்ளே சால்டர் விட்டுவிடும். பிளக் ரெசிஸ்டர் வகையாக இருக்கட்டும். என்ஜிகே என்றால் எண்ணில் ஆர் எழுத்து இருக்கும்.

வேறு வண்டிக்காரர்கள் யாராவது படித்தால்: யமஹாவின் கார்புரேட்டர் ஒய்எஃப்இசட்450-இல் பார்க்கிங் பிரேக் சுவிட்ச் சிக்கிக்கொண்டாலும் ரெவ் ஏறாது, அதை சிடிஐ கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். யமஹா ராப்டர் 700-இல் பெட்ரோலும் ஸ்பார்க்கும் ஒரே இசியுவின் (இன்ஜின் கம்ப்யூட்டரின்) கையில். தனி சிடிஐ தேட வேண்டாம்.

கேட்டவர்:
சொன்னபடி பார்த்தேன். நின்றதும் ஸ்பார்க் சுத்தமாக இல்லை. பிக்கப் காயில் சூட்டில் ஓபன் காட்டுகிறது, ஆறியதும் மேனுவல் அளவுக்கு வந்துவிடுகிறது.

பதில் 1:
அப்படியென்றால் பிக்கப்தான். சிடிஐ இப்போதைக்கு வேண்டாம். கவர் திறக்கும்போது கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள், ஒயர் வெளிவரும் ரப்பர் கிரம்மெட்டைச் சுற்றி சீலன்ட் தடவுங்கள், இல்லாவிட்டால் ஆயில் கசியும். ஒயரை அதன் கிளிப்புக்குள் செருகி, கவரை மூடிய பின் இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.