சோலார் வீடுகளை நேரில் பார்க்க வேண்டும், வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. எங்கள் மாடியில் சோலார் போட முடிவு செய்திருக்கிறோம். அதற்கு முன், ஏற்கெனவே போட்டு இரண்டு மூன்று வருடம் ஓட்டியவர்களின் வீடுகள் நாலைந்தை ஒரே நாளில் பார்த்துவிட ஆசை. விளம்பரப் படங்களை மட்டும் நம்பி இறங்க மனசு வரவில்லை.

போன வாரம் தெரிந்தவர் ஒருவரின் மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரே ஒரு பேனலின் ஓரத்தில்தான் விழுந்திருந்தது. நிழல் விலகியதும் இன்வெர்ட்டர் திரையில் மின் உற்பத்தி எண் கிடுகிடுவென ஏறியது. 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும் என்று படித்திருந்தேன். ஆனால் அது நிழல் படாத 100 சதுர அடி என்பது அன்றுதான் உறைத்தது.

பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் அமைப்பு, அதாவது மின்வாரிய இணைப்போடு சேர்ந்து ஓடும் சோலார், கரண்ட் போனால் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். அந்த நேரத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று வீட்டுக்காரர்கள் வாயாலேயே கேட்க வேண்டும். பேனல் மட்டுமல்ல, வீட்டுக்குள் சூடு குறையக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தவர்கள், 75 வாட் மின்விசிறியை மாற்றி 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி (மின்சாரம் மிச்சப்படுத்தும் மோட்டார்) மின்விசிறி போட்டவர்கள் வீடும் பார்க்கணும். தேவையைக் குறைத்துவிட்டுப் பேனல் போடுவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

இப்படி ஒரு சுற்று ஏற்பாடு செய்த அனுபவம் யாருக்காவது உண்டா? ஒரு வீட்டுக்கு எத்தனை பேர் போனால் அவர்களுக்குத் தொந்தரவாக இருக்காது? பழைய மின்கட்டண ரசீதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாமா? மாடி ஏற முடியாத அம்மாவும் வருவார், அவருக்குக் கீழேயே காட்ட என்னென்ன இருக்கும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.